கரி எடுத்துக் கட்டிய எஞ்சின் 5,000 கிலோமீட்டரில் திரும்பி வந்தது ஏன்? கிருஷ்ணகிரி வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

காவேரிப்பட்டணத்தில் ஓடும் கார். 1.2 லிட்டர், 4 சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் எஞ்சின். அலுமினிய பிளாக், வார்ப்பிரும்பு லைனர், அலுமினிய ஹெட், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 11. வாரம் முழுக்க கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே குட்டி ஓட்டம். நடுவில் மாந்தோப்புக்கும் கல்குவாரி ஓரத்து மண்சாலைக்கும் போய்வரும். மாதம் ஒருமுறை தொப்பூர் கணவாய் இறங்கி சேலம்.

1,31,000 கி.மீ. ஓடியிருந்தபோது ஆயில் குடிக்கிறது என்று வேறொரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். உள்ளே படிந்த கரி எடுத்து, புது பிஸ்டன் ரிங், புது வால்வு சீல், புது ஹெட் கேஸ்கட் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். 1,36,000 ஆகும்போது வண்டி மறுபடி படுத்தது. இந்த முறை ஆயில் குடிப்பதோடு, எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. மேடேறும்போது நாக்கிங் என்னும் தட்டும் சத்தமும் கேட்டது. 900 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது.

ஆயில் குடிப்பது முன்பே இருந்த நோய். ஆயில் அழுத்தம் விழுந்தது புது நோய். கரி எடுத்த பிறகு வந்த நோய். அந்த இரண்டாவது நோயின் காரணத்தைத் தேடியதில், முதல் நோய் ஏன் தீரவில்லை என்பதும் சேர்ந்தே புரிந்தது.

பிரிப்பதற்கு முன் பார்த்தவை

இந்தப் பகுதி வண்டிகளுக்குத் தொப்பூர் கணவாயே நல்ல சோதனைக் களம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வண்டி இறங்கும். அப்போது த்ராட்டில் மூடியிருப்பதால் இன்லெட் மேனிஃபோல்டில் வெற்றிடம் உச்சத்துக்குப் போய், வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு நீலப் புகை மூட்டம் எழுந்து அடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வு சீல், கைடு. மாறாக, சேலத்திலிருந்து திரும்பி மேடேறும்போது சுமையில் தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங், போர் பக்கம் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் இருந்தன.

கம்ப்ரஷன் கேஜில் சிலிண்டர் வரிசைப்படி 11.5, 9.2, 10.8, 11.6 கிலோ (சதுர செ.மீ.க்கு) காட்டியது. ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது 12.8, 12.4, 12.5, 12.8. ஆயில் விட்டதும் 2ஆம் சிலிண்டர் 3 கிலோவுக்கு மேல் ஏறியது என்றால் கசிவு ரிங் வழியாகத்தான். வால்வு உட்காராமல் போனால் ஆயில் விட்டாலும் கேஜ் பெரிதாக நகராது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் மாட்டியதில், சூடான ஐட்லிங்கில் 0.5 கிலோ, 3,000 ஆர்.பி.எம்.மில் 1.8 கிலோ. 3,000ல் குறைந்தது 3 கிலோவாவது நிற்க வேண்டிய எஞ்சின் இது.

ஆயிலும் 20டபிள்யூ-50 ஆக மாற்றப்பட்டிருந்தது. ஆயில் குடிக்கும் வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றுவது ஊரெங்கும் நடக்கிற வழக்கம். மெல்லிய, இழுவிசை குறைந்த ஆயில் ரிங் உள்ள இன்றைய எஞ்சினில் அது புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்டுக்கு ஆயில் தாமதமாக ஏறும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

பிரித்தபோது கிடைத்த தடயங்கள்

பிஸ்டன் தலைகள் நான்கும் கருஞ்சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. மேலே படிந்த கரியைத் துடைத்த பிறகும் அந்த மங்கல் போகவில்லை. காஸ்டிக் சோடாவில் போட்ட அலுமினியத்தின் அடையாளம் இது. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவாகக் கொப்பளிக்கும். பிஸ்டன் உலோகத்தில் கலந்திருக்கும் சிலிக்கன் கரையாமல் கறுப்புப் பூச்சாக மேலே தங்கிவிடும். கரி போனதுபோலத் தோன்றும், கூடவே பிஸ்டனும் போயிருக்கும்.

ரிங் உட்காரும் பள்ளங்களான ரிங் காடிகளில் கதை வேறு. 2, 3ஆம் பிஸ்டன்களின் மேல் காடியில், கீழ்முகத்தில் கோடு கோடாகச் சுரண்டல். பழைய ரிங்கை உடைத்து, முனை கூராக இருக்கும்போதே காடியில் விட்டுச் சுரண்டியிருக்கிறார்கள். ரிங் பக்க இடைவெளி 1, 4ல் 0.07 மி.மீ., 3ல் 0.11, 2ல் 0.14. இந்த எஞ்சினுக்கு எல்லை 0.12. எரியும் வாயு ரிங்கைக் கீழே அழுத்தி அமர்த்துவது அந்தக் கீழ்முகத்தில்தான். அங்கே கோடு விழுந்தால் புது ரிங்கும் அடைக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம் ஆயில் ரிங் காடியில் இருந்தது. காடி வெளியே பளபளத்தது. அதன் அடியில் பிஸ்டனின் உட்புறத்துக்குப் போகும் துளைகள் 8. 2ஆம் பிஸ்டனில் அவற்றில் 6 அடைந்து கிடந்தன. ஆயில் ரிங் சுவரிலிருந்து வழித்தெடுக்கும் ஆயில் அந்தத் துளைகள் வழியாகத்தான் எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்ப வேண்டும். துளை அடைந்தால் வழித்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. ரிங்கைத் தாண்டி மேலே போய் எரியும். முதல் நோய் தீராததற்கு இதுவே நேரடிக் காரணம்.

இன்லெட் வால்வுத் தண்டுகளில் எமரித் தாள் போட்ட குறுக்குக் கோடுகள் தெரிந்தன. 5.5 மி.மீ. தண்டு, வழவழப்பாக இருக்க வேண்டிய இடம். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் புது சீலின் ரப்பர் உதட்டை அராவியிருக்கிறது. சீல்களைக் கழற்றிப் பார்த்ததில் உதடுகள் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தன. தொப்பூர் அடிவாரத்துப் புகைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

ஹெட்டின் கேஸ்கட் முகத்திலும் பிளாக்கின் மேல்முகத்திலும் வட்ட வட்டமான கீறல்கள். கையில் பிடிக்கும் ஏர் கிரைண்டரில் சொரசொரப்பு டிஸ்க் மாட்டி கரியும் பழைய கேஸ்கட்டும் எடுத்த தடம். நேர்விளிம்புச் சட்டமான ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டதில், 2க்கும் 3க்கும் நடுவே 0.08 மி.மீ. பள்ளம். 0.05க்கு மேல் இருக்கக் கூடாது.

கடைசியாக கிராங்க் பேரிங்குகள். சாம்பல் நிற மேற்பரப்பில் நெருக்கமான கறுப்புக் கோடுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உலோகத்தில் புதைந்து மின்னும் மணிகள். பேரிங்குக்குள் சுழலும் பகுதியான கிராங்க் ஜர்னலில் நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்குக் கீறல். பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதையான ஆயில் கேலரியின் அடைப்பான்களில் தொழிற்சாலையில் பூசிய சீலன்ட் அப்படியே இருந்தது. அதாவது அவை ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

டிஸ்க்கிலிருந்து பேரிங் வரை

சொரசொரப்பு டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் வரும் பொருள். டிஸ்க் சுழலும்போது உதிரும் தூள் மாவு போலப் பறந்து, திறந்து கிடக்கும் ஆயில் துளை, தண்ணீர்த் துளை, போல்ட் துளை எல்லாவற்றிலும் இறங்கும். துணி வைத்து அடைத்தாலும் துணியை எடுக்கும்போது விளிம்பில் நிற்பது உள்ளே விழும். ஆயில் ஃபில்டர் மிகச் சிறிய துகள்களை ஒரே சுற்றில் பிடித்துவிடாது. பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் இடையே மொத்த இடைவெளியே 0.02 முதல் 0.05 மி.மீ. வரைதான், சுமை விழும் பக்கத்தில் ஆயில் படலம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அங்கே சிக்கும் துகள் மென்மையான பேரிங் உலோகத்தில் புதைந்துகொள்ளும். புதைந்த பிறகு அது ஓர் அரம். கிராங்க்கை அராவிக்கொண்டே இருக்கும். இடைவெளி கூடக் கூட ஆயில் ஓரத்தில் வழிந்து அழுத்தம் விழும்.

இது நம் ஊர்ப் பட்டறைகளில் மட்டும் நடப்பது இல்லை. இத்தகைய டிஸ்க்குகளை எஞ்சின் முகங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்குத் தனி சர்வீஸ் அறிவிப்பே அனுப்பியிருக்கிறது. அந்த எச்சரிக்கையை ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து. டிஸ்க் பத்து நிமிடத்தில் ஹெட்டைக் கண்ணாடி போல ஆக்கிவிடுகிறது, வாடிக்கையாளரும் பார்த்து மகிழ்கிறார். கெடுதல் வெளியே தெரிய மாதங்கள் ஆகிறது. அதற்குள் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியும் கரி வேறு, எஞ்சினைக் கெடுக்கும் கரி வேறு. பிஸ்டன் தலையில் மெல்லியதாகப் படியும் கரி, சுத்தம் செய்து ஓட்டிய சில ஆயிரம் கிலோமீட்டரில் தானே திரும்பி வரும். அதனால் பெரிய தீங்கு இல்லை. தடித்தால்தான் தொல்லை. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 299 சி.சி., எரியறை சுமார் 29.9 சி.சி. 73 மி.மீ. பிஸ்டன் தலையில் அரை மில்லிமீட்டர் கரி சீராகப் படிந்தால் 2.1 சி.சி. இடத்தை அடைத்துக்கொள்ளும். 11 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் 11.7ஐத் தாண்டிவிடும். கரி வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. மேட்டில் நாக்கிங் வந்தது இதனால். ஆனாலும் தலைக் கரி எடுக்க எளிது. ரிங் காடி, ஆயில் திரும்பும் துளை, வால்வின் பின்கழுத்து, ஆயில் ஸ்ட்ரெய்னர், பிசிவி பாதை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்லெட்டுக்குத் திருப்பும் வழி) ஆகியவற்றில் ஒளிந்திருப்பதுதான் எஞ்சினைத் தின்கிறது.

இரண்டாவது முறை கரி எடுத்த விதம்

முதல் வேலை கரியைப் படிப்பது, எடுப்பது அல்ல. பிஸ்டன் தலையின் ஓரம் ஈரமாகக் கழுவினதுபோல இருந்தால் ஆயில் ரிங் வழியாக ஏறுகிறது. இன்லெட் வால்வின் பின்கழுத்தில் தார் போலத் தடித்த படிவு இருந்தால், போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் அது கைடு வழி இறங்கும் ஆயிலைக் காட்டும். பெட்ரோல் அந்த இடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தும் படிகிறது என்றால் ஆயில் நிறையவே இறங்குகிறது. கரி உலர்ந்த மெல்லிய புகைக்கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளிறிய சாம்பல் கலந்திருந்தால் ஆயில் நெடுநாளாக எரிகிறது. நான்கு சிலிண்டரையும் படம் எடுத்து எண் போட்டு வைத்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும்.

பிஸ்டனை வெளியே தள்ளும் முன் போரின் மேல் விளிம்பில் வளையமாக நிற்கும் கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ரிங் அதில் இடித்து, காடிகளுக்கு இடையே உள்ள சுவர் உடையும். கார்ப் கிளீனர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் வழித்தால் வந்துவிடும். மூங்கில் லைனரையும் கீறாது, அலுமினியத்தையும் கீறாது. பட்டறையில் நான்கைந்து சிம்புகளைச் சீவி வைத்துக்கொள்வது நல்லது.

அலுமினியப் பாகங்களுக்கு ஊறல் தொட்டி. 10 லிட்டர் தண்ணீருக்குச் சோடா ஆஷ் பொடி 185 கிராம், சோப்பு 100 கிராம், சோடியம் சிலிக்கேட் 85 கிராம். 80 முதல் 85 டிகிரி சூட்டில் 2, 3 மணி நேரம். இதில் சிலிக்கேட்டை விட்டுவிடக் கூடாது. சோடா ஆஷ் தனியாகச் சூட்டில் அலுமினியத்தைக் கடிக்கும். சிலிக்கேட் மேலே மெல்லிய காப்புப் படலமாக அமர்ந்து அந்தக் கடியைத் தடுக்கும். பழைய பிஸ்டன் ஒன்றை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். பாகத்திலிருந்து தொடர்ந்து நுரைக்குமிழி கிளம்பினால் கரைசல் சரியில்லை, உடனே எடுத்துவிட வேண்டும். காஸ்டிக் சோடாவை அலுமினியம் இருக்கும் தொட்டியின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தனிக் கவனம் தேவை. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எஞ்சினுக்கு ஃபுளோரைடு பிரச்சினை இல்லை; போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைதான் பிரச்சினை. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் திரியும். சோடா ஆஷ் கால்சியத்தை வெள்ளைப் பொடியாகப் பிரித்துவிடும். இரண்டும் போய் உட்காருவது நாம் திறக்க முயலும் அதே ஆயில் துளைகளில். எனவே கரைசலுக்கும் கடைசி அலசலுக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துவைத்துப் பயன்படுத்த வேண்டும். முதல் அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் போதும்.

பிஸ்டன்களைக் கனெக்டிங் ராடோடு சேர்த்தே தலைகீழாகத் தொங்கவிட்டது இந்த வேலையில் பயன்பட்ட ஒரு முறை. ஆயில் ரிங் காடி மூழ்கும் மட்டத்துக்கு மட்டும் கரைசல். பக்கச் சுவரில் இருக்கும் கறுப்புப் பூச்சு, அதாவது உராய்வு குறைக்கும் கிராஃபைட் அல்லது மாலிப்டினம் பூச்சு, கரைசலுக்கு வெளியே நிற்கும். அந்தப் பூச்சைக் கரி என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஊறி எழுந்த பிஸ்டன் தலையை மூங்கில் சிம்பாலும் நைலான் பிரஷ்ஷாலும் வழித்தால் போதும். காடிக்கு அதே அகல ரிங் துண்டைத்தான் பயன்படுத்தினோம், ஆனால் முனையின் நான்கு விளிம்புகளையும் எண்ணெய்க் கல்லில் மழுக்கி, காடியின் அடியை மட்டும் தொடும்படி இழுத்தோம். மேல், கீழ் முகங்களில் அழுத்தமே கூடாது. பளிச்சென்ற வெள்ளைச் சீவல் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். அது கரி இல்லை, பிஸ்டன். ஆயில் துளைகளுக்கு 1.5 மி.மீ. துளையானால் 1.4 மி.மீ. டிரில் பிட், மெஷினில் மாட்டாமல் விரலாலேயே திருகி விட வேண்டும். பிறகு ஏர் அடித்து, உட்புறத்திலிருந்து டார்ச் வெளிச்சம் காட்டி, எட்டுத் துளையிலும் ஒளி தெரிகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கிற இந்த வேலைதான் ஆயில் குடிப்பதை நிறுத்துகிறது.

இந்த எஞ்சினில் 1, 4ஆம் பிஸ்டன்கள் இப்படித் தேறின. 2, 3க்கு ஸ்டாண்டர்டு அளவில் புதுப் பிஸ்டன். பழைய இரண்டோடு எடை ஒப்பிட்டு, 2 கிராமுக்குள் வித்தியாசம் இருக்கும்படி தேர்ந்தெடுத்தது. லைனர் தேய்மானம் 0.03 மி.மீ.க்குள் இருந்ததால் போரிங் தேவைப்படவில்லை.

கண்ணாடி மணி பிளாஸ்டிங் வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் வேண்டாம். காடியின் மூலையில் சிக்கும் ஒரு மணி, எஞ்சின் சூடாகி ஆடும்போதுதான் வெளியே வரும். பிளாஸ்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் சமையல் சோடாத் தூளில் செய்யும் முறை உண்டு. மிச்சம் நின்றாலும் வெந்நீரில் கரைந்துவிடும்.

ஹெட்டில், எரியறைக் கரியை வால்வுகள் மூடிய நிலையிலேயே எடுக்க வேண்டும். பழைய ஸ்பார்க் பிளக்குகளையும் மாட்டியே வைத்திருக்க வேண்டும். வால்வு சீட்டும் பிளக் மரையும் இதனால் காயப்படாது. பித்தளை பிரஷ், கார்ப் கிளீனர், பொறுமை. கேஸ்கட் முகத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரும் கேஸ்கட் ரிமூவரும் மட்டுமே. பள்ளம் விழுந்திருந்த முகத்தை ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் சரிசெய்து, தட்டையை 0.02க்குள் கொண்டுவந்தார்கள். இன்றைய பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்குத் தட்டையோடு வழவழப்பும் தேவை. இரண்டில் எது குறைந்தாலும் கூலன்ட் கசியும்.

வால்வுகளை வரிசை மாறாமல் துளையிட்ட அட்டையில் செருகி வைத்து, தலையையும் பின்கழுத்தையும் மட்டும் கம்பிப் பிரஷ்ஷில் சுத்தம் செய்ய வேண்டும். தண்டைத் துணியாலும் கிளீனராலும் துடைப்பதோடு சரி. எமரி பட்ட இன்லெட் வால்வுகள் எட்டும், எக்ஸாஸ்டில் மூன்றும் மாற்றப்பட்டன. வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் பேஸ்ட் மெல்லிய ரகம், சீட் அகலம் 1.1 முதல் 1.3 மி.மீ. லேப்பிங் முடிந்ததும் போர்ட்டில் டீசல் ஊற்றிப் பார்த்ததில் ஐந்து நிமிடத்துக்குத் துளி சொட்டவில்லை. இந்தப் பேஸ்ட்டும் அராவும் பொருள்தான். கைடின் உள்ளே நைலான் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போய்வர வேண்டும்.

தண்ணீர் ஜாக்கெட்டில் வெள்ளைப் பொருக்கு தடித்திருந்தது. ரேடியேட்டருக்கு வெறும் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன் அது. பொருக்கு படிந்த இடத்தில் வெப்பம் வெளியேறாமல் எரியறை கூடுதலாகச் சூடேறும். நாக்கிங்குக்கு அதுவும் ஒரு கை கொடுத்திருக்கிறது. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், வெதுவெதுப்பான கரைசல், அரை மணி நேரம், பிறகு நல்ல அலசல்.

பிளாக்கும் கேலரியும்

கேலரி அடைப்பான்களைக் கழற்றாமல் செய்யும் சுத்தம் சுத்தமே இல்லை. சூடு காட்டித் தளர்த்தி எடுத்து, நீள நைலான் பிரஷ்ஷைச் சோப்பு வெந்நீரில் தோய்த்து இரு முனையிலிருந்தும் ஓட்டி, பிறகு 6 பார் ஏர். இந்த பிளாக்கில் முதல் அலசல் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டியபோது, சாம்பல் நிறத் துகள் படிந்தது. விரலால் தேய்த்தால் நறநறத்தது. துணி வெள்ளையாகவே மிஞ்சும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டியதாயிற்று. ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர், வால்வு டைமிங் மாற்றும் ஆயில் கன்ட்ரோல் வால்வின் சிறிய வலை, டைமிங் டென்ஷனர் துளை எல்லாம் இதே வரிசையில். ஸ்ட்ரெய்னர் வலையில் பாதி, கரிச் சில்லுகளால் மூடிக் கிடந்தது. ஆயில் விளக்கு மினுங்கியதில் இதற்கும் பங்கு இருந்தது.

கிராங்க் 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு கிரைண்டிங் செய்யப்பட்டது. எல்லா எஞ்சினிலும் இதற்கு இடம் இல்லை. தயாரிப்பாளர் அண்டர்சைஸ் பேரிங் தருகிறாரா, கிராங்க்கின் கடினப் பூச்சு கிரைண்டிங்கைத் தாங்குமா என்று மேனுவலில் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். லேத்துப் பட்டறையிலிருந்து திரும்பும் கிராங்க்கின் ஆயில் துளைகளில் கிரைண்டிங் தூள் கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் பிரஷ் போக வேண்டும்.

லைனரில் 240 கிரிட் கல்லால் கோடு போடும் ஹோனிங், குறுக்குக் கோடு 45 முதல் 60 டிகிரி. ஹோனிங்குக்குப் பிறகு டீசலிலோ பெட்ரோலிலோ துடைத்துவிட்டுக் கட்டுகிற பழக்கத்தை விட வேண்டும். அவை ஆயிலைக் கரைக்கும், ஆனால் கோடுகளின் அடியில் சிக்கிய கல்தூளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், விறைப்பான பிரஷ். அதுதான் தூளைத் தூக்கும். வெள்ளைத் துணியில் எஞ்சின் ஆயில் தொட்டுச் சுவரைத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டவே கூடாது. ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். கழுவி முடித்த நிமிடமே ஏர் அடித்து ஆயில் பூசாவிட்டால் வார்ப்பிரும்பில் துரு ஏறிவிடும்.

ஹெட் போல்ட் துளைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடி மூடிய துளை அது. கழுவின தண்ணீரோ ஆயிலோ உள்ளே நின்றால், போல்ட் இறங்கும்போது திரவத்துக்குப் போக வழியில்லாமல் பிளாக்கே விரிசல் விடலாம். டார்க் ரெஞ்ச் காட்டும் அளவும் பொய்யாகும்.

கட்டியதும் ஓட்டியதும்

ரிங் முனை இடைவெளி 0.22 முதல் 0.26 மி.மீ.க்குள் அமைந்தது. பேரிங் இடைவெளி பிளாஸ்டிகேஜில் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் இழை) 0.03 மி.மீ. ஹெட் போல்ட்டுகள் புதியவை, முதலில் டார்க், பிறகு கோணக் கணக்கு. பிளக் மாட்டாமல், பெட்ரோலைத் துண்டித்து, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, மீட்டரில் ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே எஞ்சின் பற்றவைக்கப்பட்டது. ஆயில் மேனுவலில் சொன்ன 5டபிள்யூ-30க்குத் திரும்பியது.

ரிங் படிய நெடுநேரம் ஐட்லிங்கில் விடுவது தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயு, ஐட்லிங்கில் அந்த அழுத்தம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறிக்கொண்டே போகும் நெடுஞ்சாலை இதற்குப் பொருத்தம். வேகத்தை ஏற்றி இறக்கி, அரை த்ராட்டிலுக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும். திரும்பும்போது இறக்கத்தில் உண்டாகும் வெற்றிடம், சுவரில் மேலேறிய ஆயிலையும் தேய்மானத் தூளையும் இழுத்துக் கழுவிவிடும்.

500 கி.மீ.யில் ஆயில், ஃபில்டர் மாற்றம். பழைய ஃபில்டரை அறுத்து, காகிதத்தை விரித்துக் காந்தம் ஓட்டிப் பார்த்ததில் ரிங் படியும்போது வரும் மெல்லிய இரும்புத் தூள் மட்டும் இருந்தது. பேரிங் சீவல் இல்லை, நறநறப்பு இல்லை. 1,000 கி.மீ.யில் கம்ப்ரஷன் 13.1, 13.0, 13.2, 13.1. ஆயில் அழுத்தம் சூடான ஐட்லிங்கில் 1.4, 3,000ல் 3.6. தொப்பூர் இறக்கத்துக்குப் பிறகு புகை இல்லை. அடுத்த 5,000 கி.மீ.யில் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கியது 200 மி.லி. அளவுதான்.

கரி முதலில் எப்படி வந்தது

இதைத் தீர்க்காமல் விட்டால் மேலே சொன்ன அத்தனை வேலையும் 50,000 கிலோமீட்டரில் வீணாகும். காவேரிப்பட்டணம்–கிருஷ்ணகிரி ஓட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆயில் முழுச் சூடு ஏறும் முன் வண்டி நின்றுவிடும். ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் தங்கும். அத்தகைய ஆயில், 200 டிகிரிக்கு மேல் போகும் மேல் ரிங் காடியில் பட்டால் கோந்தாகிக் கரியாகும். இந்த வண்டிக்கு ஆயில் மாற்றம் 15,000 கி.மீ.க்கு ஒருமுறைதான் நடந்திருக்கிறது. குட்டி ஓட்ட வண்டிக்கு 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முன்போ அது.

இரண்டாவது காரணம் ஏர் ஃபில்டர் பெட்டி. மூடியின் ஒரு கிளிப் உடைந்து, ஃபில்டரின் ரப்பர் ஓரம் சரியாக உட்காராமல் இருந்தது. குழாயின் உள்சுவரில் மண் படிந்த கோடு தெளிவாகத் தெரிந்தது. கல்குவாரிச் சாலைத் தூசியில் இருப்பது கிரானைட் தூள், அதில் குவார்ட்ஸ் உண்டு. வடிகட்டாமல் உள்ளே போனால் ரிங்கையும் சுவரையும் தேய்த்து, ஆயில் மேலேற வழி திறக்கும். கிளிப் மாற்றி, ஃபில்டரை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, நடுவில் ஏர் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. அழுத்தக் காற்று காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டுவிடும்.

பிசிவி வால்வும் அதன் குழாயும் புதிதாக மாற்றப்பட்டன. பழைய வால்வைக் குலுக்கினால் சத்தமே வரவில்லை, கோந்தில் ஒட்டிக் கிடந்தது. த்ராட்டில் பாடியைத் துணியில் கிளீனர் தொட்டுத் துடைத்து, ஐட்லிங் மறுபயிற்சி ஸ்கேன் கருவியில் செய்யப்பட்டது. எஞ்சின் கழிவு ஆயிலும் ஊறல் தொட்டியின் அடிக்கசடும் கேனில் அடைத்து, பதிவு பெற்ற கழிவு ஆயில் சேகரிப்பாளரிடம் கொடுக்கப்பட வேண்டியவை. 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரும் பொருள் அது. ஓடையில் விட்டால் போர்வெல் தண்ணீருக்கே வந்து சேரும்.

அடுத்த சோதனை 1,46,000 கி.மீ.யில்: கம்ப்ரஷன், சூடான ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம், ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்டோஸ்கோப் விட்டு நான்கு பிஸ்டன் தலைகளின் ஓரமும் ஈரமாக இருக்கிறதா என்ற பார்வை. ஓரம் உலர்ந்து, நடுவில் மட்டும் மெல்லிய பழுப்புக் கரி இருந்தால் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை.